கேமில் பாட் புகுந்துவிட்டதா? ஐந்து வழிகளும் அவற்றின் மறைமுகச் செலவும்

ஆன்லைன் கேம் ஒன்றைச் சின்னக் குழுவாக நடத்துகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தத் தலைவலி வந்தே தீரும். ஆள் விளையாட வேண்டிய இடத்தில் பாட் என்கிற தானியங்கி நிரல் விளையாடுகிறது. நிஜமாக விளையாடுகிறவர்கள் கடுப்பாகிப் புகார் மேல் புகார் அனுப்புகிறார்கள். குழுவில் ஒருவர் "ஆன்டி-சீட் (ஏமாற்றைப் பிடிக்கும் காவல் நிரல்) போட்டுவிடலாம்" என்கிறார். இன்னொருவர் "கேப்சா (மனிதரா என்று சோதிக்கும் புதிர்) போதும்" என்கிறார். மூன்றாமவர் "தானாக விளையாடும் ஆட்டோ-ப்ளேயை நாமே கொடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்கிறார். இப்படிப் பேசிப் பேசியே மாதங்கள் ஓடிவிடும், ஏனென்றால் மூவரும் மனதில் வைத்திருப்பது மூன்று வேறு வேறு பாட்களை.

முதலில், எந்த பாட்?

ஒன்று, சோம்பல் பாட். சாதாரண ஆட்டக்காரர்தான், ராத்திரி தூங்கப்போகும்போது சுரங்கம் வெட்ட ஒரு மேக்ரோவை (கிளிக்குகளைத் தானாகத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரலை) ஓடவிட்டுப் போகிறார். கணக்கு அவருடைய சொந்தக் கணக்கு, பல வருட உழைப்பு. அது பறிபோனால் வலிக்கும்.

இரண்டு, வியாபார பாட். நூற்றுக்கணக்கான கணக்குகள். சேரும் தங்கத்தையோ, லெவல் ஏற்றிய கணக்கையோ நிஜப் பணத்துக்கு விற்கிறார்கள். இவர்களுக்குக் கணக்கு என்பது வெறும் மூலப்பொருள். முடக்கினால் அடுத்ததைத் திறப்பார்கள்.

மூன்று, தொல்லை பாட். டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் குறி தவறாமல் சுடும் பாட்கள் சர்வர் சர்வராகப் புகுந்து ஆட்டத்தையே கெடுத்தது இந்த வகை. பொறுக்க முடியாமல் ஆட்டக்காரர்கள் 2022-லும் 2024-லும் திரண்டு இணையத்தில் இயக்கமே நடத்தினார்கள். இங்கே நோக்கம் பெரும்பாலும் பணம் இல்லை, எரிச்சலூட்டுவதுதான்.

எதை வைத்து எடைபோடுவது?

நான் ஐந்து கேள்விகள் கேட்பேன். மேலே சொன்ன மூன்றில் இந்த வழி எதைத் தாக்குகிறது? பாட் ஓட்டுகிறவரின் செலவை எவ்வளவு ஏற்றுகிறது? நேர்மையாக விளையாடுகிறவர் இதற்காக என்ன விலை கொடுக்கிறார்? போட்ட பிறகு வாராவாரம் யார் உட்கார்ந்து பராமரிப்பது? தப்பாகப் போனால் திரும்ப எடுக்க முடியுமா?

"எத்தனை பாட்டைப் பிடித்தோம்" என்பதைப் பட்டியலில் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. ஒரு கணக்கை உருவாக்க ஆகும் செலவைவிட அதில் கிடைக்கும் வருமானம் அதிகமாக இருக்கும்வரை, பிடித்த எண்ணிக்கை அறிவிப்பில் போட்டுக்கொள்ளத்தான் உதவும்.

## 1. ஆட்டக்காரரின் கணினியில் காவல் நிரல்

பக்கத்தில் பாட் நிரல் ஓடுகிறதா, கேமின் நினைவகத்தை யாராவது படிக்கிறார்களா என்று ஆட்டக்காரரின் கணினியிலேயே இருந்து பார்க்கிற முறை. கேம் நிறுவனங்களான பிளிஸார்டின் வார்டன், ரயட்டின் வான்கார்ட் எல்லாம் இதுதான்.

இதன் வரலாற்றில் ஒரு சுவாரசியமான கட்டம் உண்டு. பிளிஸார்டின் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமுக்கு 2005-இல் கிளைடர் என்ற பாட் விற்பனைக்கு வந்தது. அதே வருடம் செப்டம்பரில் பிளிஸார்ட் வார்டனை இறக்கி, கிளைடர் பயன்படுத்தியவர்களைக் கொத்தாக வெளியேற்றியது. கிளைடர்காரர்கள் என்ன செய்தார்கள்? வார்டன் கண்ணில் படாதபடி நிரலை மாற்றினார்கள். அதோடு நிற்கவில்லை. 'கிளைடர் எலைட்' என்று ஒரு சந்தாவைத் தொடங்கி, கண்டுபிடிப்பிலிருந்து கூடுதல் பாதுகாப்பு என்று மாதம் 5 டாலர் வாங்கினார்கள். காவல் போட்டதே எதிராளிக்குப் புது வியாபாரமாகிவிட்டது. மொத்தம் சுமார் 1,20,000 உரிமங்கள் விற்றன. கிளைடர்காரர்களுக்கும் பிளிஸார்டுக்கும் இடையிலான வழக்கு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 2010 டிசம்பரில்தான் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில் பிளிஸார்ட் சொன்னதாக இருக்கிற கணக்கு: 2004 டிசம்பர் முதல் 2008 மார்ச் வரை பாட் பற்றி மட்டும் 4,65,000 புகார்கள்; அவற்றைக் கையாள ஆண்டுக்கு 9,40,000 டாலர். (வழக்குப் போடுவதை இந்தக் கட்டுரையில் ஒரு தனி வழியாக நான் எடுத்துக்கொள்ளாததற்குக் காரணமும் அது இப்படி வருடக்கணக்கில் இழுப்பதுதான். சின்னக் குழுவுக்கு அது கட்டுப்படியாகாது.)

இப்போது காவல் இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டது. 2020-இல் ரயட்டின் வாலரன்ட் கேமோடு வந்த வான்கார்ட், இயங்குதளத்தின் மையமான கர்னல் மட்டத்தில், கணினி தொடங்கும்போதே ஏறி உட்காருகிறது. 2024-இல் அது ரயட்டின் இன்னொரு கேமான லீக் ஆஃப் லெஜன்ட்ஸுக்கும் வந்தபோது, லினக்ஸில் ஏதோ சுற்றுவழியில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் வெளியே நின்றார்கள்.

மறைமுகச் செலவு இங்கே அதிகம். "என் கணினியில் எதற்கு இவ்வளவு அதிகாரம்?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாளும் பதில் சொல்ல வேண்டும். நீல நிறப் பிழைத் திரை வந்தால், காரணம் எதுவாக இருந்தாலும் பழி உங்கள் மேல்தான் விழும். அதைவிட மோசமாகவும் நடக்கலாம். கென்ஷின் இம்பாக்ட் என்ற கேமின் காவல் டிரைவரை, அதாவது இயங்குதளத்தின் ஆழத்தில் ஓடும் துணை நிரலை, பணம்பறிப்பு வைரஸ்காரர்கள் எடுத்து, ஆன்டிவைரஸை அணைக்கப் பயன்படுத்தியது 2022-இல் வெளிவந்தது. அந்த கேமே நிறுவப்படாத கணினிகளிலும் அது வேலை செய்தது. முறையான கையொப்பம் இட்ட டிரைவர் கையில் இருந்தாலே போதும்.

இத்தனைக்குப் பிறகும் ஓட்டை உண்டு. திரையை வேறொரு கணினி பார்த்து, ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் சில்லு வழியாக மவுஸ் அசைவை அனுப்பினால், காவல் நிரலுக்குத் தெரிவது ஒரு சாதாரண மவுஸ்தான்.

துப்பாக்கிச் சண்டை மாதிரி, ஒரே ஆட்டத்தில் நியாயம் தீர்ந்துவிடுகிற போட்டி கேம் என்றால் இது தேவை. அங்கே அடுத்த வாரம் லாக் (சர்வரின் செயல் பதிவு) பார்த்துப் பிடிப்பதில் யாருக்கும் ஆறுதல் கிடைக்காது. ஈஸி ஆன்டி-சீட் என்ற காவல் நிரலை எபிக் நிறுவனம் 2021 முதல் கட்டணமில்லாமலே தருகிறது; சொந்தமாக எழுத உட்காராதீர்கள். பிரவுசரில் ஓடும் கேம் என்றால் இந்தப் பகுதியை மறந்துவிடலாம்.

## 2. சர்வரில் நடத்தையைக் கவனிப்பது

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். ஆட்டக்காரரின் கணினியைத் தொட வேண்டியதில்லை. எதிராளிக்கும் எதை வைத்துப் பிடித்தோம் என்று தெரியாது.

எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஒரு சுரங்கத்தில் கல் வெட்டும் கதாபாத்திரத்தின் லாகை எடுத்து, ஒரு கிளிக்குக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளிகளை வரைபடமாகப் போடுங்கள். மனிதர் என்றால் வேகமான பக்கம் ஒரு குவியல் இருக்கும். அதற்குப் பின்னால் நீண்ட வால் ஒன்று இழுத்துக்கொண்டே போகும். போன் வந்திருக்கும், யாரோ கூப்பிட்டிருப்பார்கள், கொட்டாவி விட்டிருப்பார். பாட் எழுதியவர் "மனிதர் மாதிரி இருக்கட்டும்" என்று 1.5 முதல் 2.5 விநாடிக்குள் ஏதோ ஒரு எண்ணைப் போட்டிருப்பார். வரைபடத்தில் அது இரண்டு பக்கமும் கத்தியால் வெட்டிய மாதிரி தட்டையான கட்டையாக நிற்கும். கெட்டிக்கார பாட்காரர் இதைச் சரிசெய்துவிடுவார்தான். ஆனால் அவரால் எளிதில் மறைக்க முடியாத ஒன்று உண்டு: பணம் போகும் வழி. நாற்பது கணக்குகள் யாரோடும் பேசாமல், எதையும் வாங்காமல், சேர்த்ததையெல்லாம் கடைசியில், சரக்கைச் சேர்த்துவைக்கவே இருக்கும் ஒரே மியூல் கணக்குக்குக் கொட்டுகின்றன என்றால், கிளிக்கைப் பற்றி ஆராயவே வேண்டாம். பரிமாற்ற லாகில் அந்த விசிறி வடிவம் தெள்ளத்தெளிவாகத் தெரியும்.

பொறி வைப்பதும் இந்த வகையில்தான் சேரும். தரவில் இருக்கும், திரையில் வரையப்படாத ஒரு கனிமப் பாறையை வையுங்கள். அதைக் கிளிக் செய்ய மனிதக் கண்ணால் முடியாது. வால்வ் நிறுவனம் 2023 பிப்ரவரியில் தன் டோட்டா 2 கேமில் இதே யோசனையை வேறு மாதிரி செய்தது. வழக்கமான ஆட்டத்தில் யாரும் படிக்கவே மாட்டாத தரவை கேமுக்குள் வைத்துவிட்டு, அதைப் படித்த 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகளைத் தடை செய்தது. அவை பாட் அல்ல, ஏமாற்று நிரல்கள், பொறி ஒன்றுதான்.

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேமில் அதை நடத்தும் சிசிபி நிறுவனம் 2009-இல் நடத்திய வேட்டை இன்னொரு விஷயத்தைக் காட்டியது. ஒரே வீச்சில் 6,000-க்கும் மேற்பட்ட கணக்குகள் போயின. மொத்தக் கணக்குகளில் அவை சுமார் 2 சதவீதம்தான். சர்வரின் சுமையோ ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. பாட் தூங்காது, சாப்பிடாது. எத்தனை கணக்கு என்று எண்ணிப் பார்க்கிறவருக்கு இந்தச் செலவு கண்ணில் படாமலே போய்விடும்.

சரி, மறைமுகச் செலவு? தப்பாகப் பிடிப்பது. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். உங்களிடம் 1,00,000 கணக்குகள், அவற்றில் 2,000 பாட். உங்கள் சோதனை 95 சதவீத பாட்களைப் பிடிக்கும், நல்லவர்களில் 1 சதவீதம் பேரை மட்டும் தப்பாகக் காட்டும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் பிடிபடுவது 1,900 பாட், கூடவே 980 நல்லவர்கள். முடக்கப்படும் மூவரில் ஒருவர் நிரபராதி. அதனால் ஒரே ஒரு அறிகுறியை வைத்து எந்தக் கணக்கையும் தானாக முடக்கவிடக் கூடாது. இரண்டு மூன்று வெவ்வேறு வகை அறிகுறிகள் ஒன்றுகூட வேண்டும். கடைசியில் ஒரு மனிதர் பார்க்க வேண்டும். கை சரியாக இயங்காதவர்கள் உதவிக் கருவிகளோடு விளையாடுவதும் லாகில் மேக்ரோ மாதிரியே தெரியும். ஒரே விடுதி வைஃபையில் இருக்கும் இருபது பேரும் ஒரு பாட் பண்ணை மாதிரி தெரிவார்கள்.

ஆட்டக்காரர்களின் புகாரை மட்டும் நம்பலாமா? வால்வ் 2018-இல் சொன்ன கணக்கு இதற்குப் பதில். அவர்களுடைய துப்பாக்கிச் சண்டை கேமான கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் மனிதர்கள் புகார் செய்த வழக்குகளை மறுஆய்வு செய்ததில் 15 முதல் 30 சதவீதம்தான் குற்றம் உறுதியானது. அவர்களுடைய கற்றல் நிரல் எடுத்துக் கொடுத்தவற்றில் 80 முதல் 95 சதவீதம். தோற்றவருக்கு ஜெயித்தவர் எல்லோரும் பாட்தான். புகார், எங்கே பார்ப்பது என்று காட்டும் விரல். அந்த அளவுக்கு மட்டும் போதும்.

பிடித்தவுடன் முடக்குவதா, சேர்த்து வைத்து அலையாக முடக்குவதா என்பதும் இங்கே வரும் கேள்வி. உடனே முடக்கினால் எந்தச் செயலால் மாட்டினோம் என்று பாட்காரர் அன்றைக்கே தெரிந்துகொள்வார். அலையாக முடக்கினால் குழம்புவார். ஆனால் அதுவரை உங்கள் ஆட்டக்காரர்கள் "நிர்வாகம் தூங்குகிறது" என்று நினைப்பார்கள். வியாபார பாட்டுக்கு அலை, தொல்லை பாட்டுக்கு உடனடி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

## 3. வாசலில் சோதனை

கேப்சா, போன் எண் சரிபார்ப்பு, நுழைவுக் கட்டணம். போடுவது சுலபம், ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

கேப்சா தனியாக நின்று பெரிதாக எதையும் தடுக்காது. ஆயிரம் புதிரை ஓரிரு டாலருக்கு ஆள் வைத்துத் தீர்த்துக்கொடுக்கும் சேவைகள் ரொம்ப நாளாகவே இருக்கின்றன. ஆட்டத்தின் நடுவே கேட்பது இன்னும் மோசம். ரூன்ஸ்கேப் என்ற கேமில் ஒரு காலத்தில் திடீரென்று ஒரு பாத்திரம் வந்து நிற்கும் அல்லது உங்களைப் புதிர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போகும். அவற்றைத் தீர்க்கும் துணுக்கு நிரல்களை பாட்காரர்கள் எழுதிவைத்துக்கொண்டார்கள். எரிச்சல்பட்டது மனிதர்கள்தான்.

போன் எண்ணும் கட்டணமும் வேறு ரகம். கணக்கின் விலையையே ஏற்றுகிறவை என்பதால் வியாபார பாட்டை நேராகத் தொடும். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2016-இல் போன் எண் கொடுத்தவர்களைத் தனியாகச் சேர்த்து விளையாடவைத்தது. 2021-லிருந்து புதியவர்களுக்கு அந்தத் தகுதி கட்டணத்துக்குத்தான். செலவு என்னவென்றால், கதவு எல்லோருக்கும் குறுகுகிறது. டீம் ஃபோர்ட்ரஸ் 2-இல் பாட் தொல்லைக்காக 2020-இல் இலவசக் கணக்குகளின் அரட்டை வசதியை எடுத்தபோது, புதிதாக வந்த அப்பாவியால் தன் அணியிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல் போனது. பாட் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டுதான் இருந்தது.

புதுக் கணக்குகள் வெள்ளமாக வந்துகொண்டிருக்கும்போது முதல் உதவியாக இது சரி. கேள்வியை எல்லோரிடமும் கேட்காமல், சர்வர் சந்தேகப்படுகிறவர்களிடம் மட்டும் கேட்டால் எரிச்சல் பாதியாகும்.

## 4. வருமானத்தை வெட்டுவது

வியாபார பாட்டுக்கு இதுதான் வேரில் வைக்கும் கோடாலி. கூடவே செடிக்கும் வெட்டு விழலாம்.

ரூன்ஸ்கேப்பை நடத்தும் ஜாகெக்ஸ் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் அதைத்தான் செய்தது. மதிப்பு சமமில்லாத பரிமாற்றத்தை நிறுத்தியது. ஆளை ஆள் கொன்று பொருளை எடுக்கும் காட்டுப்பகுதியையும் மூடியது. தங்கம் கைமாறவில்லை என்றால் விற்க முடியாது. விற்பனைக்காரர்களுக்கு அடி விழுந்தது உண்மை. ஆனால் நண்பனுக்கு ஒரு வாளை இனாமாகக் கொடுக்கக்கூட முடியாத கேமாக அது மாறியது. கொதிப்பு அடங்கவே இல்லை. கடைசியில் வாக்கெடுப்பு நடத்தி 2011 பிப்ரவரியில் இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். பாட்களும் கூடவே திரும்பின. அதே வருடம் அக்டோபரில் பெரிய பாட் ஒழிப்பு நாள் ஒன்றை நடத்த வேண்டியதாயிற்று.

மென்மையான வழிகளும் உண்டு. விளையாடும் நேரத்தையே கேமுக்குள் விற்கக்கூடிய பொருளாக்குவது: ஈவ் ஆன்லைனின் பிளெக்ஸ் 2008-இல், ரூன்ஸ்கேப்பின் பாண்ட் 2013-இல், வார்கிராஃப்டின் டோக்கன் 2015-இல் வந்தன. காசு இருக்கிறவர் கள்ளச் சந்தைக்குப் போகாமல் உங்களிடமே வாங்குவார். நேரம் இருக்கிறவர் தங்கம் கொடுத்துச் சந்தாவைத் தீர்ப்பார். கள்ளச் சந்தையின் விலை இறங்கும், முற்றாக ஒழியாது. இதில் ஒரு வேடிக்கையான ஓட்டையும் உண்டு: பாட்காரர் தான் சுரண்டிய தங்கத்தாலேயே தன் பாட்டின் சந்தாவைக் கட்டலாம்.

புதுக் கணக்கு முதல் சில நாட்களுக்குப் பரிமாற்றம் செய்ய முடியாது, அரிய பொருள் எடுத்தவரோடு ஒட்டிக்கொள்ளும் (கைமாற்ற முடியாது), ஒரே இடத்தில் வெட்ட வெட்ட விளைச்சல் குறையும் என்பவையெல்லாம் சின்னச் சின்னத் திருகாணிகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருப்பிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே அப்டேட்டில் இறுக்கினால் எது வேலை செய்தது என்றும் தெரியாது, எதைத் தளர்த்துவது என்றும் புரியாது.

## 5. அனுமதித்துவிடுவது

தோல்வியை ஒப்புக்கொள்வது மாதிரித் தோன்றும். ஆனால் சோம்பல் பாட் எழுப்பும் கேள்வி நியாயமானது: உங்கள் கேமில் நாலு மணி நேரம் ஒரே கல்லைத் தட்டுவதில் மனிதருக்கு என்ன வேலை?

போகிமான் கோ 2016-இல் வெளி நிரல்களைத் தடுக்க கேப்சா போட்டது. அதே கேமுக்கு 2023-இல் வந்த அதிகாரபூர்வ பிளஸ் பிளஸ் கருவி, தானாகவே பந்தை எறிந்து பிடிக்கிறது. லினேஜ் 2 ரெவல்யூஷன் போன்ற மொபைல் கேம்களில் தானியங்கி ஆட்டம் ஒரு பட்டனாகவே இருக்கிறது. இணையச் சதுரங்கத் தளமான லைசெஸ் இதை இன்னும் அழகாகக் கையாள்கிறது. 2018 முதல் பாட்டுக்கென்றே தனிக் கணக்கு வகை உண்டு, பெயருக்குப் பக்கத்தில் அடையாளமும் உண்டு. நிரல் எழுத ஆசைப்படுகிறவர் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை; ஒளிந்து விளையாடுகிறவரைத் தண்டிப்பதும் எளிதாகிறது.

எல்லோரும் ஆட்டோவில் ஓடினால் விளைச்சல் பெருகும், சந்தை விலை சரியும், கைவேலையாக விளையாடியவர் தான் ஏமாந்ததாக உணர்வார். பட்டனைக் கொடுத்த பிறகு பிடுங்குவது நடக்காத காரியம் என்பதையும் மறக்க வேண்டாம். அப்புறம், போட்டி கேமில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒரே பார்வையில்

| வழி | எந்த பாட்டைத் தாக்கும் | நேர்மையானவர் கொடுக்கும் விலை | பராமரிப்பு | திரும்ப எடுக்கலாமா |
|---|---|---|---|---|
| காவல் நிரல் | தொல்லை. ஓரளவு சோம்பல் | அந்தரங்கம், சில கணினிகள் வெளியே | ஓயாத துரத்தல் | எடுக்கலாம். கெட்ட பெயர் நிற்கும் |
| சர்வர் கவனிப்பு | மூன்றும் | தப்பான முடக்கம் | வாராவாரம் ஒருவர் தேவை | எளிது |
| வாசல் சோதனை | வியாபாரம் (போன், கட்டணம்) | எரிச்சல், நுழைவுத் தடை | குறைவு | எளிது |
| வருமான வெட்டு | வியாபாரம் மட்டும் | சுதந்திரம் குறையும் | சமநிலையைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் | முடியும், வடுவோடு |
| அனுமதி | சோம்பல் மட்டும் | கை உழைப்பின் மதிப்பு | நடுத்தரம் | கிட்டத்தட்ட முடியாது |

அப்படியானால் எதில் தொடங்குவது?

பரிமாற்றமும் சந்தையும் உள்ள கேம், மூன்று நாலு பேர் குழு என்றால்: முதலில் பரிமாற்ற லாகைச் சரியாக எழுதத் தொடங்குங்கள். பல கேம்களில் யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்பதே பதிவாவதில்லை. அது இல்லாமல் பணம் போகும் வழியைப் பார்க்கவே முடியாது. அடுத்து, புதுக் கணக்குக்குப் பரிமாற்றக் காத்திருப்பு. இந்த இரண்டையும் செய்துவிட்டு ஒரு மாதம் பாருங்கள். காவல் நிரலுக்குக் காசு ஒதுக்குவது அதற்கப்புறம்.

குறிபார்த்துச் சுடும் கேம், அதுவும் இலவச கேம் என்றால் வரிசை தலைகீழ். கிடைக்கிற காவல் நிரல், போன் எண், உடனடி முடக்கம். சர்வரில் நடத்தையைக் கற்பதற்கு எல்லாத் தரவும் சேர நாளாகும். அதுவரை ஆட்டக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

நண்பர்கள் வட்டத்துக்காக நடத்தும் தனி சர்வர் என்றால் இதில் எதுவும் வேண்டாம். அழைப்பு இருந்தால்தான் நுழைவு என்று வைத்துவிட்டு, யார் எந்த மேக்ரோ வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடிவெடுங்கள்.

சோம்பல் பாட்தான் அதிகம் என்று லாக் காட்டினால் தண்டனையில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அவர்கள் உங்களுக்குக் காசு கொடுக்கும் ஆட்டக்காரர்கள். முதல் முறை எச்சரிக்கை, அடுத்தது சில நாள் இடைநிறுத்தம், சுரண்டிய பொருளைத் திரும்ப எடுப்பது என்று படிப்படியாகப் போகலாம். வியாபார பாட்டுக்கு இந்தப் படிகள் எதற்கு? எச்சரிக்கைக் கடிதத்தைப் படிக்க அந்தப் பக்கம் ஆளே இருக்க மாட்டார்.

எந்த வழியை எடுத்தாலும் முதல் முடக்கத்துக்கு முன்பே மேல்முறையீட்டுக்கு ஒரு முகவரியும், அதைப் படிக்க ஓர் ஆளும் தயாராக இருக்க வேண்டும். முடக்கக் காரணத்தை உங்கள் பக்கப் பதிவில் முழுதாக எழுதிவையுங்கள். ஆட்டக்காரருக்கு "தானியங்கி ஆட்டம், இந்தத் தேதிகளில்" என்ற அளவுக்குச் சொன்னால் போதும். எந்த அறிகுறியால் மாட்டினார் என்று நல்லெண்ணத்தில் எழுதி அனுப்பினீர்கள் என்றால், அந்த மின்னஞ்சல் அன்று மாலையே பாட்காரர்கள் கையில் இருக்கும்.